பத்தாங் பெர்ஜுந்தாயில் நானூற்றுத் தொண்ணூறு

மே 30, வெள்ளிக்கிழமை, காலை 9.20

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூருக்குச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்துக்கு ஐந்து வெள்ளி கொடுத்தேன். குளிர்சாதனம் அந்த ஐந்து வெள்ளியில் அடக்கம். அதைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் ஓட்டுநர் முறைப்பதும் அதில் அடக்கம். என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் இருபத்திரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எபிரெய எழுத்து, அதன் கீழே அந்த எழுத்தின் எண் மதிப்பு.

முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்தவள் நான். ஓய்வு பெற்றவர்கள் ரோஜாச் செடி வளர்ப்பார்கள், இல்லையென்றால் பேரப்பிள்ளைகளை வளர்ப்பார்கள். எனக்கு இரண்டுக்கும் வழியில்லை. ஆகவே மாலை வகுப்பில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் எபிரெயம் படித்தேன். அந்த மொழியில் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும் என்று முதல் நாளில் சொன்னார்கள். கணக்கு டீச்சருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

என்னை அழைத்தவர் கிரேஸ் என்ற பெண்மணி. முன்பின் அறிமுகம் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் சபைக்கு வந்து வேதத்திலுள்ள எபிரெயச் சொற்களையும் எண்களையும் பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார். என் புகழ் சிலாங்கூர் ஆற்றைத் தாண்டிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். இந்த வயதிலும் மனிதருக்கு இப்படியெல்லாம் எண்ணம் வரத்தான் செய்கிறது.

காலை 10.50

கோல சிலாங்கூரில் என்னை ஏற்றிக்கொள்ள வந்தது செம்பனைக் குலை ஏற்றும் லோரி. ஓட்டி வந்தவர் ஜோசப், கிரேஸின் அண்ணன், அறுபது வயது. என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, இருக்கையை இரண்டு முறை துடைத்தார். அங்கிருந்து பெஸ்தாரி ஜெயா இருபத்தைந்து கிலோமீட்டர். பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகியும் இங்கே எல்லாருக்கும் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான்.

இருபுறமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. ஆளில்லாத வளைவிலும் ஜோசப் விளக்குப் போட்டுத் திரும்பினார். ஒரு கோழிக்காக லோரியை நிறுத்தி, அது யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். இவ்வளவு பொறுமையான லோரிக்காரரை நான் பார்த்ததில்லை என்றேன்.

“இப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன் டீச்சர். நானூத்தி எம்பத்தொம்பது ஆயிடுச்சு” என்றார்.

லோரியின் ஏதோ உதிரிபாகத்தின் எண் என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன்.

பகல் 12.30

கிரேஸ் சோற்றைப் பரிமாறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். என்னை அழைத்ததற்கும் என் புகழுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கிரேஸின் கணவர் தேவசகாயம் நாற்பது வருடம் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். வெட்டுக்காரர்கள் வெட்டிப் போட்ட குலைகளை எண்ணி, ஆளுக்கு இத்தனை என்று கோடு போடுவது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஊரே அவரை மண்டோர் என்றுதான் அழைக்கிறது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பாஸ்டர், சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்ற கேள்வியைப் பற்றிப் பிரசங்கம் செய்தாராம். ஏழு முறை போதாது, ஏழெழுபது முறை என்பது பதில். கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். மண்டோர் பெருக்கிப் பார்த்தார். நானூற்றுத் தொண்ணூறு.

வீட்டுக்கு வந்து, சமையலறைப் பலகைச் சுவரில் கரித்துண்டால் முதல் கோட்டைப் போட்டார். மச்சான் ஜோசப்பை மன்னித்ததற்கு அது. ஜோசப் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பெட்ரோல் இல்லாமல் திருப்பித் தந்திருந்தார். அன்றிலிருந்து ஜோசப் செய்யும் ஒவ்வொரு தப்புக்கும் மண்டோர் மனதார மன்னித்து ஒரு கோடு போடுவார். தோட்டத்து நிர்வாகம் லயத்து வரிசை வீடுகளை இடித்து இங்கே வீடு கொடுத்தபோது, மற்றவர்கள் கதவையும் தகரத்தையும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். இவர் அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். இப்போது அது வாசல் தாழ்வாரத்தில், காலணி அடுக்குக்கு மேலே மாட்டியிருக்கிறது. நான்கு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட்ட கட்டுகள். முப்பத்தோரு வருடம் விடைத்தாள் திருத்திய எனக்கே அந்த ஒழுங்கைப் பார்த்துப் பொறாமை வந்தது.

கடைசிக் கட்டில் நான்கு கோடுகள் நின்றன. குறுக்குக் கோடு ஒன்றுதான் பாக்கி. அது விழுந்துவிட்டால் மன்னிப்பு முடிந்தது, அந்த ஆள் என் வாசற்படி ஏறக் கூடாது என்று மண்டோர் சபையறியச் சொல்லிவிட்டார். சொன்னால் மாறுகிறவர் இல்லை. மகள் எஸ்தருக்கு ஜூன் மூன்றாவது சனிக்கிழமை கல்யாணம். மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காரில் ஏற்ற வேண்டிய தாய்மாமன் ஜோசப்.

“எபிரேய பாசையில ஏழுன்னா வெறும் ஏழு இல்ல, அதுக்குப் பெரிய அர்த்தம் இருக்குன்னு யாரோ சொன்னாங்க. அதை இவரு மண்டையில ஏத்திட்டுப் போயிடுங்க டீச்சர், புண்ணியமாப் போவும்” என்றார் கிரேஸ். எனக்கு இரண்டாவது துண்டு மீனும் வைத்தார்.

மாலை 5.00

சபைக் கூடத்தில் இருபத்தாறு பேர். ஆளுக்கு இரண்டு கறிபாப், தேநீர். மண்டோர் முதல் வரிசையில், காதில் பேனாவும் மடியில் பள்ளிக்கூட நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். ஜோசப் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக இருந்தார். நாற்காலி கிறீச்சிட்டாலும் தன் கணக்கில் எழுதிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

அட்டைகளைக் காட்டினேன். ஆலெஃப் ஒன்று, யோத் பத்து, கோஃப் நூறு. தாவீது என்ற பெயரைக் கூட்டினால் பதினான்கு. பின்வரிசையில் இரண்டு பேர் அதை அவசரமாகக் குறித்துக்கொண்டு, இது ரெண்டு நம்பராத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு வேணும் என்றார்கள். எந்த நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குக் கொண்டுபோகும் எண் என்பது எனக்குத் தெரியும். கேட்காத மாதிரி அடுத்த அட்டையை எடுத்தேன்.

மண்டோரோ சொக்கிப் போயிருந்தார். எண்ணும் எழுத்தும் ஒன்றே என்றால் அந்த ஊரில் மண்டோர் வேலையையும் கிராணி வேலையையும் ஒரே ஆள் பார்த்தாரா என்று கேட்டார். தோட்டத்தில் எண்ணுகிறவர் மண்டோர், ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் கிராணி. இரண்டையும் ஒரே ஆள் செய்வது அவருக்கு நம்ப முடியாத காரியமாக இருந்தது.

பிறகு ஏழுக்கு வந்தேன். மன்னிப்பைப் பற்றிய அந்த வசனம் கிரேக்கத்தில் எழுதப்பட்டது, ஆனால் சொன்னவர் வளர்ந்தது எபிரெய வேதத்தைக் கேட்டு என்றேன். அங்கே படைப்பு ஏழு நாளில் நிறைகிறது. ஆபிரகாம் கிணற்றங்கரையில் ஆணையிட்டபோது ஏழு ஆட்டுக்குட்டிகளை நிறுத்தினார். ஏழு என்பது நிறைவின் எண். ஆகவே ஏழெழுபது என்றால் எண்ணாதே, நிறைய நிறைய மன்னி என்று பொருள். எனக்கே புல்லரித்தது. கிரேஸ் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

மண்டோர் கை தூக்கினார். “நெறைஞ்சிடுச்சுன்னா அதுக்கு மேல எடமில்லைன்னுதானே டீச்சர் அர்த்தம்? லோரி நெறைஞ்சா நாம நிப்பாட்டிடுவோம்.”

வகுப்பில் பதில் தெரியாத நேரத்தில் வேறு பாடத்துக்குத் தாவுவது ஆசிரியர்களின் பழைய தந்திரம். நான் ஆதியாகமத்துக்குத் தாவினேன். காயீனின் வம்சத்தில் லாமேக்கு என்று ஒருவன், எனக்காக எழுபத்தேழு மடங்கு பழி வாங்கப்படும் என்று மனைவிகளிடம் பீற்றிக்கொள்கிறான். அந்தப் பீற்றலுக்கு எதிர்ப்பதமாகத்தான் மன்னிப்பின் எண் சொல்லப்பட்டது என்று முடிக்க நினைத்தேன். முடிக்க விடவில்லை. மண்டோர் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

“அப்ப நானூத்தித் தொண்ணூறு முடிஞ்சா, அடுத்தது பழிக் கணக்கு, எழுபத்தேழு. இது எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க.”

கடைசி வரிசையில் ஜோசப் கடித்த கறிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அது இல்லை, இது இல்லை என்று நான் இன்னும் அரை மணி நேரம் பேசினேன். மண்டோர் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். எண் கிடைத்துவிட்டவருக்கு விளக்கம் எதற்கு?

இரவுச் சாப்பாட்டில் எனக்கு மீனின் வால் மட்டும் வந்தது.

சாப்பிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது மண்டோர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். பலகையைப் பார்த்தபடியே, “மூனு வாரமா அவரு ஒரு தப்பும் பண்ணல டீச்சர். வர்றாரு, செருப்ப நேரா கழட்டி வைக்கிறாரு, தண்ணி குடிக்கிறாரு, போயிடறாரு. வீடு வீடாவே இல்ல” என்றார்.

அப்படியானால் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டியதுதானே என்றேன்.

“ஆண்டவரு நம்பர் சொல்லிட்டாரே. சொல்லாம இருந்திருந்தா எனக்கு இந்த வேலையே இல்ல” என்றார். அவருக்காக நான் வருத்தப்பட்டேன். அந்தக் குறுக்குக் கோட்டுக்கு ஜோசப்பைவிட அவரே அதிகம் பயந்துபோயிருந்தார்.

மே 31, சனிக்கிழமை, காலை 6.10

பகல் பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். தஞ்சோங் காராங் பக்கத்துக்காரர்கள், மீன் தின்று வளர்ந்தவர்கள். ஆகவே பாகான் நக்கோடா ஓமார் மீன்துறைக்கே போய்ப் படகிலிருந்து இறங்கும் மீனை வாங்கி வர ஜோசப்புக்குக் கட்டளை. ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். நானும் ஊர் பார்க்கக் கிளம்பினேன். ஐஸ் பெட்டியை ஏற்றும்போது கிரேஸ் அண்ணனிடம் பன்னிரண்டு மணி என்று மூன்று முறை சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

எட்டு மணிக்குப் பாகானில் இருந்தோம். சேற்று வாடை, படகுகள், பேரம். செனாங்கின் மீன் கிலோ இருபத்தெட்டு வெள்ளி, இறால் முப்பத்தைந்து. எட்டரைக்கெல்லாம் பெட்டி நிறைந்துவிட்டது. பத்தரைக்கு வீடு சேர்ந்திருக்கலாம்.

வழியில் சுங்கை புரோங். சாலை ஓரம் தொடங்கி வானம்வரைக்கும் பச்சை வயல். ஐந்து நிமிடம் நிறுத்துங்கள் என்றேன். என் ஐந்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் வரப்பில் நடந்தேன், கொக்கைப் படமெடுத்தேன், ஓர் அரிசி ஆலைக்காரரிடம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று விசாரித்தேன். ஜோசப் லோரிக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புதிய பொறுமைதான் எனக்கு இடம் கொடுத்துவிட்டது.

கோல சிலாங்கூர் வந்ததும் மெலாவத்தி குன்றின் குரங்குகளைப் பார்க்க வேண்டும் என்றேன். வேண்டாம் டீச்சர் என்றார். முப்பத்தோரு வருட வகுப்பறைக் குரலில் பத்தே நிமிடம் என்றேன். அந்தக் குரலை மீறியவர்கள் குறைவு.

குன்றில் வெள்ளிமுடிக் குரங்குகள் சாதுவானவை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். சாதுவாக ஒன்று வந்து, தின்பண்டம் என்று நினைத்து என் துணிப்பையை எடுத்துக்கொண்டு மரம் ஏறியது. அட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து உறவினர்களுக்கு விநியோகம் செய்தது. சற்று நேரத்தில் எபிரெய நெடுங்கணக்கு முழுவதும் ஆறு மரங்களில் இருந்தது. நான் எத்தனை சொல்லியும் கேட்காமல் ஜோசப் சரிவில் இறங்கி, புதருக்குள் புகுந்து, விழும் அட்டைகளைப் பொறுக்கினார். இது டீச்சரின் வேதப் பொருள், விட்டுவிட்டுப் போவது பாவம் என்றார். கைபேசியோ ஐஸ் பெட்டிமேல் லோரியில் கிடந்தது. இருபத்தொரு அட்டைகள் கிடைத்தன. எழுபதைக் குறிக்கும் எழுத்தை மட்டும் ஒரு தாய்க்குரங்கு கடைசிவரை விடவில்லை.

பிறகு டயரில் ஆணி. அது என் குற்றமில்லை.

பிற்பகல் 2.40

மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிரேஸ் டின் சார்டினும் முட்டைக் குழம்பும் வைத்துச் சமாளித்திருந்தார். அவர்கள் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டோர் பலகையின் முன் நின்றார். கையில் கரித்துண்டு. ஜோசப் ஐஸ் பெட்டியைத் தூக்கியபடி வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார். மேலே ஏறவில்லை.

நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வயல், கொக்கு, குரங்கு, என் பிடிவாதம். தப்பு என்னுடையது, கோடு போடுவதானால் என் பெயரில் போடுங்கள் என்றேன்.

“லோரி ஓட்டுனது யாரு டீச்சர்?” என்று கேட்டார் மண்டோர்.

நான்கு கோடுகளின் குறுக்கே ஐந்தாவதை மெதுவாக இழுத்தார். நானூற்றுத் தொண்ணூறு. இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நின்றார். உள்ளே எஸ்தர் அழத் தொடங்கியது கேட்டது. ஜோசப் பெட்டியைப் படிக்கு வெளியே இறக்கி வைத்தார். மீன் நல்ல மீன் என்று மட்டும் சொன்னார்.

கிரேஸ் அகப்பையோடு வெளியே வந்தார். அழுகிற முகமில்லை. என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. கணவரிடம், இன்று என்ன தேதி என்று கேட்டார். முப்பத்தொன்று என்றார் மண்டோர்.

“நாப்பது வருசம் மண்டோர் வேல பாத்தீங்க. மே மாசத்துக் குலையை ஜூன்ல சேத்து எண்ணியிருக்கீங்களா?”

“அது எப்படிச் சேக்க முடியும்? மாசம் முடிஞ்சா செக்ரோல மூடியாவணும். ஒன்னாந்தேதி ஒன்னுல இருந்துதான்…” என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார்.

செக்ரோல் என்பது தோட்டத்துப் பேரேடு. யார் எத்தனை வெட்டினார் என்பது மாதம் முழுவதும் அதில் ஏறும். மாதக் கடைசியில் அதை மூடிவிட்டால் மூடியதுதான். ஆயிரம் குலை வெட்டியவரும் ஐம்பது வெட்டியவரும் ஒன்றாம் தேதி காலை ஒரே மாதிரி வெறுங்கையோடு வந்து நிற்பார்கள். நாற்பது வருடம் மாதம் தவறாமல் கணக்கை மூடிய மனிதர், மச்சான் கணக்கை மட்டும் இருபத்திரண்டு வருடமாகத் திறந்தே வைத்திருந்தார்.

மண்டோர் தயங்கினார். அப்போது மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் ஒரு காலத்தில் தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“எண்ணிக்கை சரியா இருக்கு மண்டோர். ஆனா இருவத்திரண்டு வருசமா யாரும் குளோஸ் பண்ணல. இது பெரிய தப்பு.”

கிராணி சொன்ன பிறகு மண்டோர் என்ன பேசுவது? வேதத்துக்கு என் விளக்கத்தை ஏற்காதவர், ஒரு கிராணியின் சொல்லுக்கு உடனே தலை குனிந்தார். கிராணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பலகையின் அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மண்டோரும் பக்கத்தில் கையெழுத்திட்டார். பிறகு, அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, கரித்துண்டை வாசலுக்கு வெளியே வீசினார்.

ஜோசப் இன்னும் படி ஏறவில்லை. விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாசத்துக்கு நானூத்தித் தொண்ணூறுன்னா, ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை வருது டீச்சர்?”

ஜூனில் முப்பது நாள், நாளுக்குப் பதினாறு, மாதக் கடைசியில் பத்து மிச்சம் என்றேன். அந்தப் பயணத்தில் என் கல்வி யாருக்காவது பயன்பட்டது அப்போதுதான்.

“அவ்வளவு வேணாம், மீனு கெட்டுப் போவுது, உள்ள வாங்க” என்றார் மண்டோர். நாலு மணிக்கு எல்லாரும் இரண்டாம் முறை சாப்பிட்டோம். எனக்கு நடுத்துண்டு கிடைத்தது.

ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.15

ஆராதனை முடிந்து கிளம்பினேன். கிரேஸ் ஒரு பொட்டலம் காய்ந்த இறால் கொடுத்து, கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும், அட்டைகளைக் கொண்டுவர வேண்டாம் என்றார். என்னை ஏற்றிக்கொண்டு ஜோசப் லோரியைப் பின்னால் எடுத்தார். பழைய ஜோசப் திரும்பி வந்திருந்தார். கண்ணாடியைப் பார்க்காமல், எஸ்தரிடம் ஏதோ கிண்டல் பேசியபடியே எடுத்தார். மண்டோர் வளர்த்த செராய் என்ற எலுமிச்சைப்புல் புதரின் மேல் பின்சக்கரம் ஏறி இறங்கியது. நசுங்கிய செராய் வாசனை லோரிக்குள்வரை வந்தது.

மண்டோர் வாசலில் நின்றிருந்தார். இடுப்பில் கை வைத்துப் புதரைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார். தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் குரல் இப்படித்தான் இருந்திருக்கும்.

“ஒன்னு” என்றார். அப்படி மலர்ந்த முகத்தை அந்த இரண்டு நாளில் நான் பார்க்கவில்லை.

பகல் 12.45

கிள்ளான் பேருந்து. ஐந்து வெள்ளி. அதே குளிர், அதே முறைப்பு. மச்சானை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும் மனிதரைப் பற்றித் தெரிந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு சிரிப்பு வரவில்லை. நானூற்றுத் தொண்ணூறு தப்பு செய்ய வேண்டுமென்றால் ஒருவர் எத்தனை முறை அந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், எத்தனை முறை இன்னொருவர் அவரை உள்ளே விட்டிருக்க வேண்டும்.

கிள்ளானில் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. பதினான்கு வருடமாகப் பேச்சில்லை. எபிரெயத்தில் ஏழு நிறைவின் எண் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் நான், அவளிடம் ஒரே தப்போடு நிறுத்திவிட்டேன். அந்த ஒன்றைச் செய்தது யார் என்பதில்கூட எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்தால் அவள் வீடுதான் முதலில் வரும். காய்ந்த இறால் அவளுக்குப் பிடிக்கும். கதவைத் திறந்தாளானால், இரண்டாவது தப்பைச் செய்ய எனக்கு ஒரு வழி பிறக்கும்.